கைக்குழந்தைக்கு வலிப்பு: மலையில் வாழும் பெற்றோரின் கையிலிருக்கும் நிமிடங்கள்

குழந்தைகளுக்கு வரும் வலிப்புகளில் பெரும்பாலானவை சில நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுகின்றன. மஞ்சூரிலோ சோலூரிலோ, பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலோ அது நேரும்போது, 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து புறப்பட்டாலும் அந்த நிமிடங்களுக்குள் வந்து சேர்வது அரிது. ஆகவே நீலகிரியில் வலிப்பு கண்ட குழந்தைக்கு முதலுதவி செய்யப்போவது மருத்துவரோ செவிலியரோ அல்லர். அருகில் இருக்கும் தாய், தந்தை, பாட்டி ஆகியோரில் ஒருவர்தான். கேட்பதற்கு இது அச்சத்தைக் கூட்டுவதாகத் தோன்றினாலும், பெற்றோரின் அச்சம் தணியத் தொடங்குவது இதை ஏற்றுக்கொண்டு அதற்கேற்ப வீட்டை ஆயத்தப்படுத்தும்போதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எதைச் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது, எப்போது எந்த வழியாகப் புறப்படுவது என்பவை வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெறும் ஆறுதல் சொற்கள் தராத தைரியத்தை இந்த அறிவு தரும்.

முதல் வலிப்பைப் பார்த்த பெற்றோரில் பலர், பிள்ளை கையை விட்டுப் போய்விட்டது என்றே அந்தக் கணத்தில் எண்ணியிருப்பார்கள். கண் மேலே சொருகி, கைகால் விறைத்து, உதடு நீலம் பாரித்து, கூப்பிட்டாலும் அசைவில்லாமல் கிடக்கும் குழந்தையைப் பார்த்து வேறெதை எண்ண முடியும்? உள்ளே நடப்பது என்னவென்று தெரிந்துகொள்வது இங்கே உதவும். மூளையின் நரம்பணுக்கள் மெல்லிய மின்துடிப்புகளால் இயங்குகின்றன. பெருந்தொகையான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றித் துடிப்பதே வலிப்பு. குழந்தையின் மூளையில் தூண்டிவிடும் இணைப்புகள் முந்தி வளர, அடக்கிவைக்கும் இணைப்புகள் பிந்தி முதிர்வதால், வாழ்நாளின் மற்ற பருவங்களைவிட அந்த வயதில் வலிப்பு எளிதாக வருகிறது. உடல் விறைக்கும்போது நெஞ்சுத் தசைகளும் விறைத்து மூச்சு தடைப்படுவதால் உதடு நீலமாகிறது. விறைப்பு தளர்ந்ததும் மூச்சு சீராகி, நிறம் திரும்பி, குழந்தை அயர்ந்து தூங்கிவிடுகிறது.

எல்லா வலிப்பும் ஒன்றல்ல. நம் வீடுகளில் ஜன்னி என்று சொல்லப்படும் காய்ச்சல் வலிப்பு, 6 மாதம் முதல் 5 வயது வரையிலான 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு வருகிறது. உடல் முழுவதும் வெட்டி இழுத்து, 15 நிமிடத்துக்குள் நின்று, ஒரே நாளில் மறுபடி வராமல் இருந்தால் அதை எளிய வகை என்று வகைப்படுத்துகிறார்கள். அது மூளையைப் பாதிப்பதில்லை. குழந்தையின் அறிவு வளர்ச்சியைக் குறைப்பதும் இல்லை. மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு இன்னொரு காய்ச்சலின்போது திரும்ப வரக்கூடும் என்பதை மட்டும் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும். பாராசிட்டமால் காய்ச்சலின் துன்பத்தைக் குறைக்குமே தவிர, அடுத்த வலிப்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. 'நேரத்துக்கு மருந்து கொடுத்திருந்தால் வந்திருக்காதே' என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளும் தாய்மார்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் காய்ச்சலும் வலிப்பும் சேர்ந்து வந்தால், மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்துகொள்ள மருத்துவர் முதுகில் நீர் எடுத்துப் பார்க்க விரும்பலாம். 'முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்' என்ற பேச்சை நம்பிப் பல குடும்பங்கள் இதற்கு மறுத்துவிடுகின்றன. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி செலுத்தப்படுகிறது. மறுப்பதால் வரும் தீங்கு சோதனையால் வருவதைவிடப் பன்மடங்கு பெரிது.

பச்சிளங்குழந்தைகளின் வலிப்பு வேறு விதமானது. பிறந்த முதல் மாதத்தில் வெட்டி இழுப்பது குறைவு. வாயைச் சப்புக்கொட்டுவது, சைக்கிள் மிதிப்பதுபோலக் காலை அசைப்பது, கண் ஒரு பக்கமாக நிலைகுத்தி நிற்பது, மூச்சு நின்று நின்று வருவது என்று எளிதில் கண்ணில் படாத வகையில் வரும். பிரசவத்தில் மூச்சுத் திணறியது, இரத்தத்தில் சர்க்கரையோ சுண்ணாம்புச் சத்தோ குறைந்தது, கிருமித் தொற்று ஆகியவை முக்கியக் காரணங்கள். சாதாரண நடுக்கத்தையும் வலிப்பையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: நடுங்கும் கையை மெல்லப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடும், வலிப்பு நிற்காது. ஓங்கி அழுது மூச்சைப் பிடித்து நீலமாகிப் போகும் குழந்தைக்கு வருவதும் பெரும்பாலும் வலிப்பு அன்று. அத்தகைய குழந்தைகள் பலருக்கு இரும்புச் சத்துக் குறைவு இருப்பதால் இரத்தச் சோதனை செய்வது வழக்கம்.

நான் மிகுந்த கவலையோடு எழுத விரும்புவது இன்னொரு வகையைப் பற்றி. ஏறத்தாழ 3 முதல் 12 மாதங்களுக்குள், குறிப்பாக 4 முதல் 7 மாதங்களில், குழந்தை தூங்கி எழுந்தவுடன் தலை சட்டென்று முன்னே கவிழ்ந்து, இரு கைகளும் விரிந்து, உடல் மடங்கி, ஓரிரு நொடியில் தளரும். சில நொடிகள் கழித்து அதே அசைவு மீண்டும் வரும். இப்படித் தொடர்ச்சியாகப் பத்து, இருபது முறை வந்து நின்றுவிடும். வெட்டி இழுக்காததாலும் நுரை தள்ளாததாலும் இதை யாரும் வலிப்பு என்று எண்ணுவதில்லை. வயிற்று வலி என்றோ, மாந்தம் என்றோ, குழந்தை திடுக்கிடுகிறது என்றோ சொல்லி ஓம நீரும் வசம்பும் கொடுத்து வாரங்கள் கழிந்துவிடுகின்றன. அந்த வாரங்களில்தான் முகம் பார்த்துச் சிரித்த குழந்தை சிரிப்பதை நிறுத்துகிறது. தலை நின்ற குழந்தைக்குத் தலை சாய்கிறது. வெஸ்ட் நோய்த்தொகுதி எனப்படும் இந்த வலிப்பில், சிகிச்சை எவ்வளவு முந்தித் தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் குழந்தையின் வளர்ச்சி காப்பாற்றப்படுகிறது. ஆகவே இதற்குக் காத்திருத்தல் கூடாது. அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாமல் அன்றோ மறுநாளோ குழந்தை நல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

இந்த நோயை உலகுக்கு முதலில் விவரித்தவர் ஒரு தந்தை. இங்கிலாந்து மருத்துவரான வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், தம் சொந்த மகனுக்கு வந்த தலைகவிழும் அசைவுகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்து, 1841-இல் 'லான்செட்' மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதினார். அக்காலச் சிகிச்சைகள் எதுவும் அந்தப் பிள்ளைக்குப் பயன் தரவில்லை. இன்று மருந்து இருக்கிறது. ஆனால் கண்டறியும் வேலை அன்று போலவே இன்றும் பெரும்பாலும் பெற்றோரின் கண்ணில்தான் தொடங்குகிறது. மருத்துவர் அறைக்குள் குழந்தை இருக்கும் பத்து நிமிடத்தில் அந்த அசைவு வராமல் போகலாம். எனவே செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போவதைவிட உதவியான காரியம் இல்லை. போர்வையை விலக்கி, முகமும் கைகால்களும் ஒரே படத்தில் தெரியும்படி பிடிக்க வேண்டும். எந்தப் பக்கம் முதலில் அசைந்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது நின்றது, அப்போது காய்ச்சல் இருந்ததா என்பவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்தால், அது மருத்துவருக்குப் பல சோதனைகளுக்கு ஈடானது. மலைக் குளிருக்குக் குழந்தையைக் கம்பளியிலும் குல்லாவிலும் பொதிந்து வைப்பதால் கை அசைவுகள் கண்ணுக்குப் படாமலே போவதுண்டு என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

வலிப்பு வந்த நேரத்தில் செய்ய வேண்டியவை சிலவே. குழந்தையைச் சமதரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துத் துணியைத் தளர்த்தி, வாயில் வழியும் எச்சிலையும் பாலையும் துடைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பார்ப்பது மிக முக்கியம், ஏனென்றால் அச்சத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். வாயில் கரண்டியோ விரலோ வைப்பதும், தண்ணீர் புகட்டுவதும், இழுக்கும் கைகால்களை அழுத்திப் பிடிப்பதும், தூக்கிக் குலுக்குவதும் கூடாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் தீங்கு ஏதும் இல்லை, பயனும் இல்லை. சாவியைத் தேடி ஓடும் நேரத்தில் குழந்தையின் பக்கத்தில் ஆள் இல்லாமல் போவதுதான் தீங்கு. சூடு போடுவது கொடுமை. அதை எந்த மூத்தவர் சொன்னாலும் தடுத்தே ஆக வேண்டும்.

5 நிமிடத்தைத் தாண்டிய வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். மலையில் வாழும் குடும்பத்துக்கு, வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்து இன்றியமையாதது என்று நான் சொல்வது அதனால்தான். குழந்தையின் எடைக்கு எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதை மருத்துவர் சீட்டில் எழுதித் தருவார். அந்தச் சீட்டின் நகலை மருந்துக் குப்பியோடு சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும். புதுக் குப்பியை முதலில் காற்றில் அடித்துப் பார்த்துத் தயார் செய்துகொள்ளும் முறையையும், காலாவதி நாளைப் பார்க்கும் பழக்கத்தையும் தந்தையும் பாட்டியும் கற்றுக்கொள்ள வேண்டும். மருந்துக்குப் பின் குழந்தை ஆழ்ந்து தூங்கும்; மூச்சு மந்தமாகிறதா என்று பார்த்துக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். முதன்முறை வந்த வலிப்பு, ஒன்று நின்று நினைவு திரும்புமுன் அடுத்தது தொடங்குவது, நின்ற பிறகும் மூச்சு சீராகாதது ஆகியவற்றில் மருத்துவமனைக்குப் புறப்பட 5 நிமிடம் காத்திருக்கவே தேவையில்லை.

எங்கே போவது என்பதைப் பகலில், நிதானமான நேரத்தில் முடிவு செய்துவைக்க வேண்டும். உதகமண்டலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புதிய வளாகம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகு உதகை, குன்னூர், கோத்தகிரி மக்களுக்கு முதல் சிகிச்சை ஓரளவு பக்கத்தில் வந்திருக்கிறது. குழந்தை நரம்பியல் நிபுணரின் ஆலோசனைக்கும் சில சோதனைகளுக்கும் பலரும் கோயம்புத்தூருக்கே இறங்க வேண்டியிருக்கிறது. கூடலூர், பந்தலூர் மக்களுக்கு உதகை ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை என்பதால், பலர் சுல்தான் பத்தேரிப் பக்கமோ கோழிக்கோட்டுக்கோ போகிறார்கள். மைசூருக்குச் செல்லும் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டாலும் ஆம்புலன்ஸுக்கு அனுமதி உண்டு. எந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போவதாக இருந்தாலும், வலிப்பு நிற்காத நிலையில் மணிக்கணக்கில் பயணம் செய்யாமல், முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாலுகா மருத்துவமனையிலோ வலிப்பை நிறுத்த ஊசி போட்டுக்கொண்டு, பிறகு பயணத்தைத் தொடர்வதே முறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலை மண்சரிவால் அடைபடுவதும், வண்டிகள் கோத்தகிரி வழியாகத் திருப்பப்படுவதும் நமக்குப் பழக்கமானவை. 2009 நவம்பரில் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட நிலச்சரிவுகளின்போது மாவட்டத்தின் பல சாலைகள் துண்டிக்கப்பட்டன. வலிப்பு மருந்து ஒரு வேளை தவறினாலும் வலிப்பு திரும்பக்கூடும். ஆகவே மழைக்காலத்தில் குறைந்தது இரண்டு வாரத்துக்கான மருந்தைக் கூடுதலாக வாங்கி வைத்திருப்பது நல்லது.

நம் மலையிலேயே வலிப்பைத் தூண்டும் சில பொருள்கள் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் இருக்கின்றன. சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கிக் குழந்தையின் நெஞ்சில் தடவுவது தலைமுறைகளாக வரும் வழக்கம். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் சென்று மூளையை அடைகிறது. அதனால் கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளன. அமெரிக்காவில் மேற்பூச்சு மருந்துகளில் கற்பூரத்தின் அளவு 11 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 1980களிலேயே வரம்பு வைத்தார்கள். உதகையில் சாலையோரக் கடைகளிலெல்லாம் விற்கும் நீலகிரித் தைலமும் அப்படித்தான்: யூகலிப்டஸ் இலையிலிருந்து வடிக்கும் அந்த எண்ணெயைச் சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம், மூக்கருகே தடவுவதும் பாதுகாப்பானது அன்று. நம் ஊரின் பெயரையே தாங்கிய பொருள் என்பதால் இதைச் சொல்லத் தயக்கம் எழலாம். இருந்தாலும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் தைலமும் கற்பூரமும் அதன் கைக்கும் மூக்குக்கும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

குளிரை ஒட்டிய வேறு வழக்கங்களும் உண்டு. காய்ச்சல் அடிக்கும் குழந்தைக்கு ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு மூடுவது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும்; பச்சைத் தண்ணீரை ஊற்றினாலோ குழந்தை நடுங்கி உடல் இன்னும் சூடேறும். ஒரு மெல்லிய சட்டை, ஒரு போர்வை போதும். அடைத்த அறைக்குள் கரிக் கும்முட்டி வைத்துத் தூங்குவது குழந்தைக்கு மட்டுமன்றி வீட்டில் உள்ள அனைவருக்கும் உயிராபத்து. தலைக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றும்போது மட்டும் வரும் ஒரு வலிப்பும் தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தின் மைசூர்ப் பகுதியில், பலரிடம் கண்டறியப்பட்டிருக்கிறது. குளிக்கும் நேரத்தில் மட்டுமே வலிப்பு வருகிறது என்றால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீரின் சூட்டைக் குறைப்பதே அதற்குச் சிகிச்சையின் முதல் பகுதி.

கோவைக்கு மூளை மின்னலைப் பதிவு (ஈ.ஈ.ஜி.) என்னும் சோதனைக்காகப் போகும்போது, குழந்தை சோதனை நேரத்தில் தூங்குவது பயன் தரும். அதனால் மலை இறங்கும் பேருந்தில் அது தூங்கிவிடாமல் விளையாட்டுக் காட்ட ஒருவர் உடன் செல்வது நல்லது. தலையில் எண்ணெயும் இருக்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தை வாந்தி எடுத்தால் கொடுத்த மருந்தும் வெளியேறிவிடும் என்பதால், மருந்தைப் புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே கொடுத்துவிடலாமா, வாந்தி எடுத்தால் மறுபடி கொடுப்பதா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மருந்துகளோடு வாழ்வதும் எளிதன்று. வெஸ்ட் நோய்த்தொகுதிக்குத் தரப்படும் பிரெட்னிசோலோன் மாத்திரையாலும் ஏ.சி.டி.எச். ஊசியாலும் குழந்தை ஓயாது அழும், இரவில் தூங்காது, எப்போதும் பசிக்கும், முகம் ஊதும். இது மருந்தின் விளைவு என்று முன்பே அறிந்திராத பெற்றோர், குழந்தை மோசமாகிவிட்டது என்று பயந்து மருந்தை நிறுத்திவிடுவதுண்டு. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இதே நோய்க்கான விகாபேட்ரின் பார்வைப் பரப்பைக் குறைக்கக்கூடியது. அதைத் தெரிந்தேதான், அளவோடும் காலவரம்போடும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். லெவெட்டிரசெட்டம் என்ற இன்னொரு வலிப்பு மருந்து சிலரிடம் சிடுசிடுப்பை உண்டாக்கும். சிரப்பின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, எடை கூடக்கூட அதுவும் மாற வேண்டும். சமையல் கரண்டியால் அளக்காமல் ஊசிக்குழலால் அளப்பதே சரி.

இவ்வளவையும் ஒரு தாய் தனியாகச் சுமக்க முடியாது. ஆனால் நம் குடும்பங்களில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. வலிப்பு கண்ட நாளிலிருந்து அவள் இரவில் தூங்குவதில்லை. குழந்தை மூச்சு விடுகிறதா என்று கை வைத்துப் பார்த்துக்கொண்டே விடிகிறது. அதற்குமேல், 'கிரகணத்தில் வெளியே போனாயா', 'உன் பக்கத்தில் யாருக்காவது இருந்ததா' என்ற கேள்விகளும் அவளிடமே வருகின்றன. வலிப்புக்குக் கிரகணமோ தாயின் நடத்தையோ காரணம் அல்ல. மரபணு காரணமாக இருந்தாலும் அது இரு பக்கத்திலிருந்தும் வரலாம், பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகவும் தோன்றலாம். இரவை இரண்டாகப் பிரித்து, முன்னிரவில் தந்தையும் பின்னிரவில் தாயும் விழித்திருப்பது என்று முறை வைத்துக்கொண்ட வீடுகளில் சண்டையும் குறைகிறது என்பது நான் கண்டறிந்த ஒன்று. குழந்தையை மல்லாந்து படுக்கவைத்து, கனத்த ரஜாயை அகற்றி, போர்வையை நெஞ்சுக்குக் கீழே நிறுத்திவிட்டால், விழித்தே இருக்க வேண்டிய தேவையும் குறையும். தாய்க்குப் பல வாரங்களாகத் தூக்கமின்மையும் படபடப்பும் தொடர்ந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். மூத்த பிள்ளையிடமும் நடப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தான் தம்பியைத் தள்ளிவிட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று ஒரு நான்கு வயதுக் குழந்தை உள்ளுக்குள் மருகுவதுண்டு.

தேயிலை பறிக்கப் போகும் தாய் குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டுச் செல்கிறாள். வலிப்பு இருப்பதாகச் சொன்னால் சேர்க்க மாட்டார்கள், பெண் குழந்தையாயின் நாளை பெயர் கெடும் என்று எண்ணி மறைப்பவர்கள் பலர். அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என்றாலும், பகல் முழுவதும் குழந்தையோடு இருக்கும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாவிட்டால், முதல் 5 நிமிடங்களும் வீணாகிவிடும். காப்பகப் பொறுப்பாளர், அங்கன்வாடிப் பணியாளர், பக்கத்து லயன் வீட்டில் வண்டி வைத்திருக்கும் ஒருவர் ஆகிய மூவருக்காவது சொல்லிவைக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னால் தடுப்பூசிகளைப் பற்றியும் கேட்டுக்கொள்ளலாம்: காய்ச்சல் வலிப்பு வந்ததற்காகத் தடுப்பூசியை நிறுத்தத் தேவையில்லை, ஆனால் பிரெட்னிசோலோன் போன்ற மருந்து நடக்கும்போது உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். தலை நிற்பது, உட்காருவது, பேச்சு ஆகியவை தாமதமானால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

வலிப்பு நோய் உள்ளவர்களில் 10 பேரில் 7 பேருக்கு மருந்தாலேயே வலிப்பை நிறுத்த முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வலிப்பே வராமல் இருந்தால், நோயின் வகையையும் மூளை மின்னலைப் பதிவையும் பார்த்து, மருந்தைப் பல வாரங்கள் அல்லது மாதங்களில் படிப்படியாகக் குறைப்பதைப் பற்றி மருத்துவர் பேசுவார். வலிப்பு திரும்ப வரும் வாய்ப்பு மிகுதியாக இருப்பது அந்தக் குறைக்கும் காலத்திலும் அதையடுத்த சில மாதங்களிலும்தான். ஆகவே அப்போது மூக்கு மருந்து வீட்டில் இருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் சாலை அடைபடக்கூடிய ஊரில் வாழ்கிறோம் என்பதையும் அவரிடம் சொல்லி, குறைப்பதை மழைக்குப் பிறகு தொடங்கலாமா என்று கேட்டுக்கொள்ளலாம்.